சாக்கல்ல, வலி!

"உம்மா, சுஜூதில் கை ஊன்ற முடியவில்லை."

மகள் இப்படிச் சொன்னபோது, பேண்ட் பயிற்சிக்குப் போகாமலிருக்க அவள் தேடிய சாக்கு என்றே நினைத்தாராம் உக்குவளைச் சகோதரி ஒருவர். மகள் பாடசாலை பேண்ட் குழுவில் கிளாரினட் வாசிப்பவள். இல்ல விளையாட்டுப் போட்டி நெருங்கியதும் அரை மணி நேரப் பயிற்சி திடீரென மூன்று மணி நேரமாகிவிட்டது. வலிக்குக் காரணம் அதுதான்.

கிளாரினட் ஏறக்குறைய முக்கால் கிலோ பாரமானது. அதில் பெரும்பகுதியை வலது பெருவிரலே தாங்குகிறது. அந்த விரலை அசைக்கும் தசைநாண்கள் மணிக்கட்டில் ஓர் உறைக்குள் ஓடுகின்றன. ஓய்வின்றி வேலை கொடுத்தால் உறை தடித்து இறுகி வலிக்கலாம். இதை 1895இல் விவரித்த சுவிஸ் வைத்தியர் டி கெர்வெய்னின் பெயராலேயே இந்நோய் அழைக்கப்படுகிறது.

வருமுன் காக்க என்ன செய்யலாம்?

1. வாசிக்குமுன் தோள்களைப் பின்புறமாக 5 தடவை சுழற்றுங்கள்.

2. விரல்களை நன்றாக விரித்து மெதுவாக மூடுங்கள். பிறகு பெருவிரல் நுனியால் மற்ற நான்கு விரல் நுனிகளையும் ஒவ்வொன்றாகத் தொடுங்கள். இவையும் 5 தடவை.

3. உள்ளங்கை கீழே பார்க்கக் கையை முன்னே நீட்டி, மறு கையால் மெதுவாகக் கீழ்நோக்கி மடித்து 15 விநாடி வைத்திருங்கள். வலித்தால் உடனே விட்டுவிடுங்கள்.

பயிற்சிகளைவிட முக்கியமானது ஓய்வு. 25 நிமிடம் வாசித்தால் 5 நிமிடம் கருவியைக் கீழே வைக்க வேண்டும். பயிற்சி நேரத்தை நாளுக்கு நாள் சிறிது சிறிதாகவே கூட்ட வேண்டும். கழுத்தில் மாட்டும் பட்டி பெருவிரலின் பாரத்தைக் குறைக்கும். ஓய்வெடுத்தும் வலி தீராவிட்டால், வீக்கமோ விறைப்போ இருந்தால் வைத்தியரிடம் காட்டுங்கள்.

சகோதரிகளே, இது வாத்தியக்காரருக்கு மட்டும் வரும் நோயல்ல. கைக்குழந்தையை அடிக்கடி தூக்கும் தாய்மாருக்கும் இதே வலி வருவதுண்டு. தைப்பவர்களும் கராம்புக் காம்பு கிள்ளுபவர்களும் கூடக் கைக்கு இடைக்கிடை ஓய்வு கொடுக்க வேண்டும். நாம்தான் நமது வலியையும் "வேலை முடியட்டும்" என்று தள்ளிப்போடுகிறோம். உடம்புக்கும் நம்மீது உரிமையுண்டு என்பது நபிவழி கற்றுத்தந்த பாடமல்லவா?

பிள்ளை "கை வலிக்கிறது" என்றால் முதலில் நம்புங்கள். பிறகு மற்றவற்றைக் கேளுங்கள்.