களவா? கணக்குப் பிசகா?

தோட்டத்து ஆபீசில் இரண்டு அகராதிகள் இருக்கின்றன. வெட்டுக்காரன் பையில் ஒரு பிடி ஒட்டுப்பால் இருந்தால் அது களவு. நிறுவையில் அவன் பாலைக் குறைத்துப் பதிந்தால் அது கணக்குப் பிசகு! மூன்று நாள் பிரட்டுக்கு வராதவன் குற்றவாளி. சம்பளத்தை இழுத்தடிக்கும் நிர்வாகத்துக்கோ 'தாமதம்' என்ற மெத்தென்ற சொல்!

களவை நாம் நியாயப்படுத்தவில்லை. ஒரே தராசு கேட்கிறோம்.

சட்டம் என்ன சொல்கிறது? 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, அனுமதியும் தக்க காரணமும் இன்றித் தொடர்ந்து இரண்டு வேலை நாட்களுக்கு மேல் வராதது ஒப்பந்த மீறல். சம்பளக் காலம் முடிந்த ஏழாம் நாளுக்குள் சம்பளம் கொடாததோ தண்டனைக்குரிய குற்றம்! ஆபீஸ் இதைத் தலைகீழாக்கிப் பேசுகிறது.

இது பழைய நோய். ஒப்பந்தக் கூலி நாட்களில் தோட்டத்தை விட்டுப் போனவனை 'ஓடிப்போனவன்' என்று சொல்லிச் சிறையில் அடைத்தார்கள். ஒப்பந்த ஆள் சேர்ப்பு 1910-இல் நின்றது. அந்த நாக்கு நிற்கவில்லை.

'வெறும் சொல்தானே' என்பார்கள். ஒழுங்கீனம் என்று சொல்லி ஒருவரை வேலை நீக்குமுன் முறையான விசாரணை வேண்டும் என்கிறது அதே சட்டம். முன்கூட்டியே 'திருடன்' என்று எழுதிவிட்டால் விசாரணை எதற்கு?

கிராணித் தோழர்களே! பேனா உங்கள் கையில். விசாரணை முடியும்வரை 'குற்றஞ்சாட்டப்பட்டவர்' என்றே எழுதுங்கள். வெட்டுத் தொழிலாளர்களே! ஏழாம் நாள் கடந்தால் அதைத் தாமதம் என்னாதீர்கள். குற்றம் என்றே சொல்வோம். சங்கத்தில் எழுதிக் கொடுப்போம்!