தரகர் ஏன் திரும்பிப் பார்ப்பதில்லை?

மும்பையில் வாடகைக்குக் குடியிருக்கும் தமிழர்கள் செம்பூரிலும் சரி, முலுண்டிலும் சரி, டோம்பிவிலியிலும் சரி, ஒரே குறையைத்தான் சொல்கிறார்கள். சாவி கைக்கு வரும்வரை நாளுக்கு நாலு தடவை போன் செய்யும் வீட்டுத் தரகர், கமிஷன் வாங்கிய மறுநாள் கண்ணில் படுவதில்லை. குழாய் ஒழுகினாலும், மழையில் சுவர் ஓதம் காத்தாலும் அவருடைய பதில் ஒன்றுதான்: "வீட்டுக்காரரிடம் பேசிக்கொள்ளுங்கள்." வீட்டுக்காரரோ வளைகுடா நாட்டில் இருப்பார், அல்லது வேறு ஊரில் இருப்பார்.

தரகரைத் திட்டிவிட்டுப் போவது எளிது. ஆனால் கணக்கைப் பார்க்க வேண்டாமா?

மாத வாடகை 15,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோர், ஒரு மாத வாடகையைக் கமிஷனாகக் கொடுப்பது இங்குள்ள வழக்கம். பத்து நாள் அலைச்சலுக்குத் தரகருக்கு 15,000 ரூபாய் கிடைக்கிறது. அதே வீட்டை அவர் வருடம் முழுவதும் கவனித்துக்கொள்ள, வாடகையில் நூற்றுக்கு ஐந்து கொடுத்தால் மாதம் 750 ரூபாய். வருடத்துக்கு 9,000 ரூபாய். அந்தப் பணத்துக்கு அவர் வாடகை வசூலிக்க வேண்டும். பிளம்பரைத் தேட வேண்டும். சொசைட்டி செயலாளரின் புகாருக்குப் பதில் சொல்ல வேண்டும். இரவு பத்து மணிக்கு வரும் போனையும் எடுக்க வேண்டும். அந்த நேரத்தில் இன்னொரு வீட்டை முடித்துவிடலாம் என்று அவர் நினைப்பதில் வியப்பு என்ன?

பணம் மட்டும் காரணமல்ல. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பது இந்த வேலைக்கே பொருந்தும். ரிப்பேர் செய்தால், "யாரைக் கேட்டுச் செலவு செய்தாய்?" என்பார் வீட்டுக்காரர். செய்யாவிட்டால் குடியிருப்பவர் சண்டைக்கு வருவார். வாடகை பாக்கி விழுந்தால் காலி செய்யச் சொல்லத் தரகருக்கு அதிகாரம் கிடையாது. பொறுப்பு உண்டு, அதிகாரம் இல்லை என்றால் எவர்தான் முன்வருவார்?

சட்டமும் அவரைக் கட்டவில்லை. 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம், விற்பனையில் ஈடுபடும் தரகர்களைத்தான் பதிவு செய்யச் சொல்கிறது. வாடகைக்கு மட்டும் வீடு பிடித்துத் தருபவர் அதில் வரமாட்டார். 2021-இல் மத்திய அரசு வெளியிட்ட மாதிரி வாடகைச் சட்டம், வீட்டு மேலாளரின் கடமைகளை வரிசைப்படுத்தியது: வாடகை வாங்கி ரசீது கொடுப்பது, வீட்டுக்காரர் சார்பில் அவசியமான ரிப்பேர் செய்வது, அவ்வப்போது வீட்டைப் பார்வையிடுவது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் அது மாதிரி மட்டுமே. மாநிலம் சட்டம் இயற்றினால்தான் நடைமுறைக்கு வரும்.

ஓவர்டைம் கொடுக்காமல் வேலை வாங்கும் முதலாளியை எதிர்க்கும் தொழிலாளிக்கு இந்த நியாயம் புரியாமல் போகாது. வீடு காட்டுவது ஒரு வேலை. வீட்டைக் கவனிப்பது இன்னொரு வேலை. முதல் வேலைக்கு மட்டும் கூலி கொடுத்துவிட்டு, இரண்டாவதையும் எதிர்பார்ப்பது நடக்காது. அந்தக் கூலியைக் கொடுக்க வேண்டியவர் வாடகை வாங்கும் வீட்டுக்காரர். தூரத்தில் உட்கார்ந்துகொண்டு வாடகை மட்டும் வாங்குபவர், உள்ளூரில் ஒரு பொறுப்பான ஆளைச் சம்பளத்துக்கு வைக்கத்தான் வேண்டும்.

அதுவரை குடியிருப்பவர் செய்ய வேண்டியது என்ன? டெபாசிட் பலருக்கு ஊரில் நகை அடகு வைத்துத் திரட்டிய பணம். அதைத் தரகர் கையில் கொடுக்கக் கூடாது; வீட்டுக்காரரின் வங்கிக் கணக்கில் செலுத்த வேண்டும். அவருடைய முகவரியும் போன் நம்பரும் கேட்டு வாங்க வேண்டும். எந்த ரிப்பேர் யாருடைய செலவு என்று ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ள வேண்டும். மகாராஷ்டிர வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1999, 55-ஆம் பிரிவின்படி அந்த ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். அதைப் பதிவு செய்வது வீட்டுக்காரரின் பொறுப்பு. பதிவு இல்லையென்றால், மாறாக நிரூபிக்கப்படும்வரை, நிபந்தனைகளைப் பற்றிக் குடியிருப்பவர் சொல்வதே எடுபடும்.

கமிஷன் கொடுக்கும் முன்பே, "நாளைக்குக் குழாய் உடைந்தால் யாரைக் கூப்பிடுவது?" என்று கேட்டுவிட வேண்டும். சாவி வாங்கிய பிறகு கேட்டால் பதில் சொல்ல ஆள் இருக்காது.