வாரிசின் பாத்தியதையும் சர்க்காரின் கடமையும்

உத்தியோகத்திலிருக்கும்போதே ஓர் ஊழியன் காலஞ்சென்றால், அவனுடைய குடும்பத்தாருக்கு இரண்டு துக்கங்கள் நேரிடுகின்றன. முதலாவது, தெய்வத்தினால் நேர்ந்தது, அதற்கு மருந்தில்லை. இரண்டாவது, கச்சேரிகளினால் நேர்வது, அதற்கு மருந்துண்டு. உழைத்தவன் சேர்த்துவைத்த பணத்தை அவன் மனைவி மக்கள் யாசகம் கேட்பதுபோல் கேட்டு நிற்கவேண்டுமென்பது எந்த நியாயம்? இவ்விஷயத்தில் ஜனங்களுக்குத் தெளிவின்மை மிகுந்திருப்பதால், இதைச் சற்று விரிவாக ஆராய்வது அவசியமென்று கருதுகிறோம்.

இறந்த ஊழியனுடைய வாரிசு கேட்பவை மூன்று வகைப்படும். ஒன்று, குடும்ப உபகாரச் சம்பளம். இரண்டு, சேமநிதி, பணிக்கொடை, இன்ஷூரன்ஸ் முதலிய தொகைகள். மூன்று, கருணை அடிப்படையில் அளிக்கப்படும் உத்தியோகம். இம்மூன்றும் ஒரே மூட்டையில் கட்டப்பட்டவை என்று ஜனங்கள் எண்ணுகிறார்கள். குமாஸ்தாக்களும் அவ்வாறே நடத்துகிறார்கள். உண்மையில் இவை வெவ்வேறு சட்டத்திற்குட்பட்டவை, உரியவர்களும் வெவ்வேறானவர்கள். இந்தப் பேதத்தை உணராமையினாலேயே சகோதரர்கள் கோர்ட்டேறுகிறார்கள், விதவைகள் ஏமாற்றப்படுகிறார்கள்.

உபகாரச் சம்பளம் என்ற பெயரே தவறான எண்ணத்தை விளைவிப்பது. அது எவரும் செய்யும் உபகாரமன்று. 1971-இல் சுப்ரீம் கோர்ட் அது ஊழியனுக்குரிய சொத்து என்று தீர்ப்பளித்தது. 1982 டிசம்பர் 17-ஆம் தேதி அளித்த பிரசித்தமான தீர்ப்பில், அது முதலாளியின் தயவைப் பொறுத்த இனாம் அன்று என்று மீண்டும் வற்புறுத்தியது. ஆனால் குடும்ப உபகாரச் சம்பளத்தில் ஒரு நுட்பமுண்டு. அது இறந்தவன் விட்டுச்சென்ற ஆஸ்தியில் சேராது. உயில் மூலம் அதை வேறொருவருக்கு எழுதிவைக்க முடியாதென்று 1991-இல் அதே கோர்ட் தீர்மானித்தது. விதிகள் யாரைக் குறிக்கின்றனவோ அவர்களுக்கே அது சேரும். ஆதலின், மரணப்படுக்கையிலிருந்தவனிடம் கையெழுத்து வாங்கிய தாளைக் காட்டி விதவையை மிரட்டும் உறவினருக்கு அங்கே இடமில்லை.

சேமநிதி முதலிய தொகைகளின் நிலைமை வேறு. ஊழியன் ஒருவரை 'நாமினி' என்று குறிப்பிட்டிருந்தால், பணம் முழுவதும் அவருக்கே சொந்தமென்று பலர் நம்புகிறார்கள். 1983-இல் ஆயுள் இன்ஷூரன்ஸ் பற்றிய வழக்கொன்றில், நாமினி என்பவர் பணத்தைப் பெற்றுக்கொள்ளும் கை மாத்திரமே, பணம் வாரிசுரிமைச் சட்டப்படியே பங்கிடப்படவேண்டும் என்று சுப்ரீம் கோர்ட் கூறியது. 2009-இல் வந்த வழக்கு இன்னும் தெளிவானது. ஓர் ஊழியர் விவாகத்திற்கு முன் தாயாரை நாமினியாகக் குறித்துவிட்டு, பின்னர் அதை மாற்றாமலே இறந்துபோனார். சேமநிதியில் மனைவிக்கும் பங்குண்டென்று கோர்ட் முடிவு செய்தது. 1956-ஆம் வருஷத்து ஹிந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, மகன், மகள் ஆகியோரைப்போலவே தாயாரும் முதல் வகுப்பு வாரிசு. மனைவியை ஏமாற்றுவது எவ்வளவு அநீதியோ, வயது முதிர்ந்த தாயை ஒதுக்கிவிட்டு வாரிசுச் சான்றிதழ் வாங்குவதும் அவ்வளவு அநீதியே.

பணிக்கொடை விஷயத்தில், 5 வருஷச் சேவை வேண்டுமென்ற நிபந்தனை மரணமடைந்தவனுக்குப் பொருந்தாதென்று 1972-ஆம் வருஷத்துச் சட்டம் விதித்தது. 2020-ஆம் வருஷத்துச் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் அவ்விதியைக் கைவிடவில்லை. இரண்டே வருஷம் வேலை செய்து இறந்த தொழிலாளியின் மனைவியிடம், "உனக்கு ஒன்றுமில்லை" என்று மானேஜர் சொல்வாராயின், அது பொய். இதை ஒவ்வொரு தொழிற்சங்க ஊழியரும் மனப்பாடம் செய்துகொள்வது நலம்.

இனி உத்தியோக விஷயம். இங்கே நாம் ஜனங்களுக்குக் கசப்பான ஒரு உண்மையைச் சொல்லவேண்டியிருக்கிறது. தகப்பன் பார்த்த உத்தியோகம் மகனுக்குப் பிதிரார்ஜிதமாகாது. 1994-இல் சுப்ரீம் கோர்ட் இதைத் திட்டமாகக் கூறிற்று. சம்பாதித்தவன் திடீரென்று மறைந்ததால் தத்தளிக்கும் குடும்பத்தைக் கரையேற்றுவதே இந்நியமனத்தின் நோக்கம். பல வருஷங்கள் கழிந்தபின் அதை ஒரு பாத்தியதையாகக் கோரமுடியாது. அரசியல் சாசனம் எல்லாப் பிரஜைகளுக்கும் உத்தியோகத்தில் சம சந்தர்ப்பம் அளித்திருக்கிறது. பரீட்சைக்கு இரவு பகலாகப் படிக்கும் ஏழை வாலிபர்கள் எத்தனையோ பேர். அவர்களுக்குரிய இடத்தைப் பரம்பரைச் சொத்தாக்கிவிட்டால், ஜமீன்தாரி முறையை ஒழித்தும் பயனென்ன?

ஆனால் இத்தத்துவத்தைச் சர்க்கார் தனக்குக் கேடயமாக உபயோகிப்பதை நாம் ஒப்புக்கொள்ள முடியாது. நியமனம் பாத்தியதை அன்றாயினும், மனுவை நேர்மையாகவும் விரைவாகவும் பரிசீலிக்கும்படி கோருவது பாத்தியதையே. தமிழ்நாட்டில் மரண தேதியிலிருந்து 3 வருஷங்களுக்குள் மனுச் செய்யவேண்டுமென்பது விதி. மனுதாரருக்குக் காலக்கெடு உண்டு. மனுவைத் தீர்மானிக்கவேண்டிய கச்சேரியோ அவசரமின்றிக் காகிதத்தை உறங்கவைக்கிறது. பின்னர், "இத்தனை காலம் குடும்பம் பிழைத்துவிட்டதே, இனிக் கஷ்டம் ஏது?" என்று கேட்கிறது. தானே செய்த தாமதத்தைத் தனக்கே சாதகமாக்கிக்கொள்வது எந்த தர்மத்துக்கும் அடுக்காது.

பெண்மக்கள் விஷயத்திலும் நீதி மெள்ள மெள்ளத்தான் வந்திருக்கிறது. விவாகமான மகளை விலக்கிவைத்த விதி செல்லாதென்று கர்நாடக ஹைக்கோர்ட் 2020-இல் தீர்ப்புக் கூறியது. அடுத்த வருஷமே அம்மாகாணத்தார் விதியைத் திருத்தினார்கள். இரண்டாம் மனைவியின் பிள்ளை என்ற காரணத்தால் மனுவைத் தள்ளக்கூடாதென்று 2018-இல் சுப்ரீம் கோர்ட் முடிவு செய்தது. தாய் தந்தையர் செய்ததற்குக் குழந்தையைத் தண்டிப்பதா?

தனியார் ஆலைத் தொழிலாளியின் கதி இவற்றினும் பரிதாபம். 1995-ஆம் வருஷத்துத் திட்டத்தின்படி அவனுடைய விதவைக்கும் மாதச் சம்பளம் உண்டு. அதன் குறைந்த அளவை 2014-இல் 1,000 ரூபாயாக நிர்ணயித்தார்கள். ஒரு குடும்பம் மாதம் முழுவதும் 1,000 ரூபாயில் ஜீவிக்கும் வித்தையை அதை நிர்ணயித்தவர்களே கற்றுக்கொடுக்கட்டும்!

செய்யவேண்டியவை யாவை? முதலாவதாக, ஊழியன் இறந்த செய்தி எட்டியவுடன், கச்சேரித் தலைவரே குடும்பத்தாரின் வீட்டுக்கு ஆளனுப்பி, மனுக்களைப் பூர்த்தி செய்து வாங்கவேண்டும். சேவைப் புஸ்தகம் அவர்களிடமே இருக்கையில் விதவையை ஏன் அலைக்கழிக்கவேண்டும்? இரண்டாவதாக, உபகாரச் சம்பளத்தைத் தவறுதலாகத் தாமதித்தால் வட்டியுடன் கொடுக்கவேண்டுமென்று 1984-இலேயே சுப்ரீம் கோர்ட் கூறியிருக்கிறது. அந்த வட்டியைப் பொதுஜனங்களின் பணத்திலிருந்து கொடாமல், தாமதித்த அதிகாரியிடமிருந்தே வசூலிக்கவேண்டும். மூன்றாவதாக, நியமன மனுக்களைத் தீர்மானிப்பதற்கும் சட்டம் ஒரு கெடு விதிக்கவேண்டும். நான்காவதாக, உத்தியோகம் பெற்ற மகன் தாயையும் தம்பி தங்கையரையும் காப்பாற்றுவதாக எழுதிக்கொடுக்கும் உறுதிமொழி வெறுங்காகிதமாகிவிடாமல், தவறினால் நடவடிக்கை எடுக்கவேண்டும்.

சர்க்கார் மட்டும் செய்தால் போதாது. ஒவ்வொரு ஊழியரும் இன்றே தமது நாமினிப் பத்திரத்தை எடுத்துப் பார்க்கட்டும். விவாகத்திற்கு முன் எழுதியதானால் மாற்றட்டும். ஒவ்வொரு சங்கமும் இறந்த தோழரின் வீட்டுக்கு மாலையுடன் செல்லும்போது, மனுப் படிவத்தையும் கொண்டுசெல்லட்டும். உயிருள்ளவனுக்காகக் கொடி பிடிப்பது எளிது. இறந்தவனுடைய கூலியை அவன் வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதே தொழிலாளர் ஒற்றுமைக்கு உரைகல்.