சொல்லியும் அம்மா கைவிட்டால்... அந்தக் காயம் எப்படி ஆறும்?

போடிநாயக்கனூரில் விடியும் முன்பே ஏலத்தோட்ட ஜீப்புகள் கிளம்பிவிடும். போடிமெட்டு ஏறி வேலைக்குப் போகும் அம்மா வீடு திரும்ப மாலையாகிவிடும். அதுவரை பிள்ளைகள் சொந்தக்காரர், பக்கத்து வீட்டார் என யாரோ ஒருவர் பொறுப்பில். அந்த 'யாரோ' தப்பானவராக இருந்தால்? பிள்ளை சொன்ன பிறகும், 'வெளியே சொல்லாதே' என்று அம்மாவே வாயை அடைத்தால்?

இது கூலிக்காரங்க வீட்டுப் பிரச்னைன்னு நினைச்சா தப்பு. 2013-ல் இலக்கிய நோபல் வாங்கிய கனடா எழுத்தாளர் ஆலிஸ் மன்றோ வீட்டிலும் நடந்தது. 1976-ல் 9 வயது மகள் ஆண்ட்ரியாவிடம் அத்துமீறியவர், மன்றோவின் இரண்டாவது கணவர். பெற்ற அப்பாவுக்கு அப்போதே தெரியும், மன்றோவிடம் சொல்லவில்லை. 1992-ல் மகளே அம்மாவுக்குக் கடிதம் எழுதினார். சில மாதம் பிரிந்திருந்த மன்றோ, கணவரிடமே திரும்பிவிட்டார். 2005-ல் நீதிமன்றத்தில் அவர் குற்றத்தை ஒப்புக்கொண்ட பிறகும் பிரியவில்லை. அம்மா இறந்த 2024-ல்தான் ஆண்ட்ரியா உலகறிய எழுதினார்.

அம்மாவோட உறவு கடைசிவரை ஒட்டவே இல்லை. ஆனா, உடன்பிறந்தவர்கள் தேடிவந்தாங்க. தாங்களும் மௌனமா இருந்ததை ஒப்புக்கிட்டாங்க. குடும்பம் ஆறத் தொடங்கியது அங்கேதான்.

நம்ம ஊரில் 2012-ன் போக்சோ சட்டப்படி, தெரிந்தும் புகார் தராமல் மறைப்பதும் குற்றம். ஆனா, சட்டம் தண்டனைதான் தரும். மன்னிப்பு வீட்டிலிருந்துதான் வரணும். உங்க அக்காவோ தம்பியோ பேச வந்தா, 'அப்பவே ஏன் சொல்லலை?'ன்னு கேட்காதீங்க. 'நம்புறேன்'னு சொல்லுங்க. குழந்தைக்கு ஆபத்துன்னா, உடனே 1098. அம்மாவை மன்னிக்கிறதா வேணாமாங்கிறதை, காயப்பட்டவங்க முடிவு பண்ணட்டும்!