டிராயிங் பீரியடில் சும்மா உட்கார வைக்காதீர்கள்!

'கண் தெரியாத பிள்ளைக்கு டிராயிங் எதுக்கு?' என்று கேட்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

பூந்தமல்லி டிரங்க் ரோட்டில் பார்வைக் குறைபாடு உடையோருக்கான தேசிய நிறுவனத்தின் மண்டல மையம் இருக்கிறது. அதே ஊரில் பார்வையற்ற பிள்ளைகளுக்கான அரசுப் பள்ளியும் உண்டு. அம்பத்தூர், ஆவடி பக்கம் வசிப்பவர்களுக்கு வெள்ளைக்கோலும் பிரெய்லும் புதிதல்ல. அந்தப் பிள்ளைகள் படிப்பதையும் பாடுவதையும் ஊர் ஏற்றுக்கொண்டுவிட்டது. ஓவியம் என்றால்தான் தயக்கம்.

சாதாரணப் பள்ளியில் படிக்கும் மாற்றுத்திறன் பிள்ளைக்கு நடப்பது வேறு. 'நீ சும்மா உட்காரு' என்று விட்டுவிடுவார்கள். இல்லையென்றால் வேறு யாராவது வரைந்து, கீழே அந்தப் பிள்ளையின் பெயரை எழுதிவிடுவார்கள். மார்க் வந்துவிடும். 'இது நான் போட்டது' என்று வீட்டில் வந்து காட்ட, பிள்ளைக்கு ஒன்றும் இருக்காது.

பார்வை போன பிறகும் ஓவியர்

சாந்திநிகேதன் ஓவியர் பினோத் பிகாரி முகர்ஜிக்குச் சிறு வயதிலிருந்தே ஒரு கண்ணில் பார்வை இல்லை. மறு கண்ணிலும் கிட்டப்பார்வை. பின்னாளில் கண் அறுவை சிகிச்சைக்குப் பிறகு அந்தப் பார்வையும் போனது. அவர் கலையை விடவில்லை. காகிதத்தை மடித்து, வெட்டி, ஒட்டிப் படங்கள் செய்தார். சாந்திநிகேதன் கலாபவனில் பாடமும் நடத்தினார். சத்யஜித் ரே 1972-ல் அவரைப் பற்றி 'தி இன்னர் ஐ' என்ற ஆவணப்படமே எடுத்தார்.

அவர் மாற்றிக்கொண்டது கருவியைத்தான். அதை நம் வீட்டிலும் வகுப்பிலும் செய்யலாம்.

விரல் பார்க்கும் கோடு

ஜன்னல் கொசுவலையில் ஒரு துண்டை அட்டையில் ஒட்டி, ஓரங்களை டேப்பால் மூடுங்கள். அதன்மேல் தாளை வைத்துக் கிரேயானால் அழுத்தி வரைந்தால், கோடு சொரசொரப்பாக விரலுக்குத் தட்டுப்படும். ஃபெவிக்காலால் கோடு இழுத்துக் காயவிட்டாலும் மேடாக நிற்கும். புளியங்கொட்டைகளைப் புள்ளிகளாக ஒட்டி, சணல் கயிற்றை வளைத்துச் சிக்குக்கோலமே போடலாம். கிரேயான்கள் பெட்டியில் எப்போதும் ஒரே வரிசையில் இருந்தால், எது எந்த நிறம் என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை.

பிடி நழுவும் கைக்கு

மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளைக்கு மெல்லிய பென்சில் நிற்காது. துணியோ ஸ்பாஞ்சோ சுற்றித் தடிமனாக்குங்கள். தாளின் நான்கு மூலைகளையும் மேசையில் டேப் போட்டு ஒட்டுங்கள். பிரஷ்ஷுக்குப் பதில் ஸ்பாஞ்ச், சிறிய ரோலர் கொடுக்கலாம்.

உதவி தேவைப்பட்டால், பிள்ளையின் கையைப் பிடித்து இழுத்து வரையக் கூடாது. உங்கள் கையை அதன் கைக்குக் கீழே வையுங்கள். பிடிக்காதபோது பிள்ளை கையை எடுத்துக்கொள்ள முடியும்.

காது கேளாத பிள்ளைக்கு

போர்டில் வரைந்துகொண்டே பேசினால் இந்தப் பிள்ளைகளுக்கு ஒன்றும் புரியாது. ஒரே நேரத்தில் ஆசிரியரின் கையையும் முகத்தையும் பார்க்க முடியாதே! முதலில் செய்து காட்டி, நிறுத்தி, திரும்பி நின்று சைகையிலோ பேச்சிலோ விளக்கிவிட்டு, பிறகு வரையச் சொல்ல வேண்டும்.

தொடவே மறுத்தால்

ஆட்டிசம் உள்ள சில பிள்ளைகளுக்கு ஈர வண்ணம் விரலில் பட்டாலே தாங்காது. அடம் என்று திட்ட வேண்டாம். ஜிப் லாக் கவரில் வண்ணத்தை ஊற்றி மூடிக் கொடுத்தால், மேலிருந்தே தேய்த்து விளையாடும். அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பதைப் படங்களாக வரிசையாக ஒட்டி வைத்தால் பதற்றமும் குறையும்.

சட்டமும் சொல்கிறது

மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016-ன் 29-வது பிரிவு, மாற்றுத்திறனாளிகள் பங்கேற்கும் வகையில் கலைப் பாடங்களைத் திருத்தி அமைக்க வேண்டும் என்கிறது. ஆகவே பெற்றோர் கேட்பது சலுகை அல்ல, உரிமை.

அரசுப் பள்ளி என்றால் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் இதை எழுப்பலாம். வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியரும் ஓவிய ஆசிரியரும் ஒரு நாள் உட்கார்ந்து பேசினால், பாதிப் பிரச்னை தீர்ந்துவிடும். இன்று மாலை பிள்ளை வந்ததும் கேளுங்கள்: 'டிராயிங் பீரியடில் நீ என்ன செய்தாய்?'