நடிப்பும் பிழைப்பும்

இயல், இசை, நாடகம் எனத் தமிழை மூன்றாக வகுத்துப் போற்றுகின்றோம் நாம். இயற்றமிழ் கற்றவனுக்கு ஆசிரியப் பணியையும், இசைத்தமிழ் கற்றவனுக்குக் கச்சேரி மேடையையும் காட்டுகின்றோம். நாடகத்தமிழில் நாட்டம் கொண்டவனிடம் மட்டும், "அதை வைத்துக்கொண்டு எப்படிப் பிழைப்பாய்?" என்று கேட்கின்றோம். இக்கேள்வி தவறானதன்று, பிள்ளையின் நல்வாழ்வை விரும்பும் எந்தப் பெற்றோரும் கேட்கத்தக்கதே. ஆயினும், கேட்டபின் விடைக்காகக் காத்திருப்போர் அரியர். அவ்விடையைத் தேடிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) காலத்துப் பாய்ஸ் கம்பெனிகளில் இக்கேள்வி இவ்வடிவில் எழவில்லை. சிறுவர்கள் கம்பெனி வீட்டிலேயே தங்கினர், உண்டனர், பாடம் கேட்டனர், இரவில் நடித்தனர். கண்டிப்பும் துன்பமும் மிகுந்த வாழ்வுதான். எனினும், ஒருமுறை சேர்த்துக்கொள்ளப்பட்டவன் ஒவ்வொரு வேடத்துக்காகவும் வாசல்தோறும் சென்று நிற்க வேண்டியதில்லை.

பம்மல் சம்பந்த முதலியார் (1873–1964) வேறொரு வழியைக் காட்டினார். அவர் 1891ஆம் ஆண்டில் சென்னையில் சுகுண விலாச சபையைத் தோற்றுவித்தார். வழக்கறிஞராகவும் பின்னர் நீதிபதியாகவும் பணியாற்றிக்கொண்டே நாடகங்களை எழுதினார், தாமே நடித்தார். கற்றோரும் பதவியில் உள்ளோரும் மேடையேறுவது இழிவன்று என்பது அவரால் நிலைபெற்றது. பகலில் தொழில், மாலையில் கலை என்னும் மரபு தமிழகத்தில் வேரூன்றியது அச்சபையால்தான் எனலாம்.

அம்மரபின் தொடர்ச்சியை இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் காண்கின்றோம். கே. பாலசந்தர் முத்துப்பேட்டையில் பள்ளி ஆசிரியராக இருந்தவர். பின்னர்ச் சென்னை ஏ.ஜி. அலுவலகத்தில் எழுத்தராகச் சேர்ந்தவர். 'மேஜர் சந்திரகாந்த்' போன்ற நாடகங்களை அவர் உருவாக்கியது அப்பணியில் இருந்துகொண்டேதான். நாகேஷ் இரயில்வே எழுத்தராக இருந்து மேடைக்கு வந்தார். சோ வழக்கறிஞர்; கிரேசி மோகன் பொறியாளர். இவர்கள் அனைவருக்கும் பொதுவான ஒரு வசதி இருந்தது. அலுவலகம் மாலையில் முடியும். சபா நாடகம் அதன் பின்னரே தொடங்கும். ஞாயிற்றுக்கிழமை இரண்டுக்கும் இடமளித்தது. ஒன்றின் நேரத்தை மற்றொன்று விழுங்கவில்லை.

இன்றைய நிலை முற்றிலும் வேறு. திரைப்படமும் தொலைக்காட்சித் தொடரும் விளம்பரமும் பகற்பொழுதில் உருவாகின்றன. அவற்றுக்கான ஆடிஷன் எனப்படும் நடிப்புத் தேர்வும் வேலை நாளில், வேலை நேரத்தில் நடைபெறுகின்றது. அகில இந்திய வானொலியில் நாடகக் கலைஞர் ஒருமுறை குரல் தேர்வில் வென்றால் அவருக்கு ஒரு தரநிலை கிடைக்கும்; அதன் பின்னர் ஒவ்வொரு நாடகத்துக்கும் புதிதாகத் தேர்வு எழுத வேண்டியதில்லை. திரையுலகில் அவ்வாறன்று. நேற்று ஒரு படத்தில் நன்கு நடித்தவனும் இன்று மற்றொரு படத்திற்குப் புதியவனே. முன்னணிக்கு வந்துவிட்ட ஒரு சிலரைத் தவிர ஏனையோர்க்கு ஒவ்வொரு வேடமும் ஒரு புதுத் தேர்வு.

எத்தனை முறை தேர்வுக்குச் செல்ல வேண்டியிருக்கும் என்று கேட்டால் கணக்குச் சொல்ல இயலாது. ஒரு வாரத்தில் மூன்று அழைப்புகள் வரும். பின்னர் இரண்டு மாதங்கள் ஓர் அழைப்பும் வராது. நாளைக் காலை பத்து மணிக்கு வருக என்னும் செய்தி இன்றிரவுதான் கிட்டும். போக்குவரத்துச் செலவு தன்னுடையது; இழந்த நாட்கூலியும் தன்னுடையது; தேர்வுக்கு ஊதியம் இல்லை. ஆகவே நடிகனின் உண்மையான அன்றாடத் தொழில் நடிப்பதன்று, நடிப்பைத் தேடுவதே. இதனை உணர்ந்தால்தான் அவனுக்கு வேறொரு வருவாய் ஏன் இன்றியமையாதது என்பது விளங்கும்.

அண்மைக் காலத்தில் கைப்பேசி இதனை ஓரளவு மாற்றியுள்ளது. தரப்பட்ட காட்சியை வீட்டிலேயே நடித்துப் பதிவு செய்து அனுப்பும் முறை பரவியுள்ளது. திருநெல்வேலியில் இருப்பவனும் விடுப்பு எடுக்காமல் சென்னைக்குத் தன் நடிப்பை அனுப்பலாம், இது நன்மை. ஆனால் அழைப்போர்க்குச் செலவின்மையால், பதின்மரைப் பார்த்த இடத்தில் நூற்றுவரைப் பார்க்கின்றனர். நடிகனோ பணி முடிந்து களைத்து வந்து, நள்ளிரவில் சுவரின் முன் நின்று நடிக்கின்றான். பார்த்தனரா, பார்க்கவில்லையா என்பதும் அவனுக்குத் தெரிவதில்லை. 2023ஆம் ஆண்டில் அமெரிக்க நடிகர் சங்கம் ஜூலை முதல் நவம்பர் வரை 118 நாள்கள் வேலைநிறுத்தம் செய்து கண்ட உடன்பாட்டில், இத்தகைய வீட்டுப்பதிவுத் தேர்வுகளுக்கான நெறிமுறைகளும் இடம்பெற்றன. பெருஞ்செல்வம் புழங்கும் அந்நாட்டிலேயே இது தொழிலாளர் சிக்கலாகக் கருதப்பட்டது என்பது நாம் எண்ணிப் பார்க்கத்தக்கது.

இனி, வென்றோர் சிலரைக் காண்போம். உத்தரப்பிரதேசத்தின் புதானா என்னும் சிற்றூரைச் சேர்ந்த நவாசுதீன் சித்திக்கி வேதியியல் பட்டதாரி. வதோதராவில் வேதியியல் பணியிலும், டில்லியில் காவலாளியாகவும் இருந்தவர். தேசிய நாடகப் பள்ளியில் 1996இல் பயிற்சி முடித்த பின்னரும் சின்னஞ்சிறு வேடங்களே அவருக்குக் கிடைத்தன. 2012இல் வெளிவந்த 'கேங்ஸ் ஆஃப் வாசேப்பூர்' அவரை நாடறியச் செய்தது. விஜய் சேதுபதி வணிகவியல் பட்டதாரி. துபாயில் கணக்கராக இருந்தவர். தாயகம் திரும்பி, ந. முத்துசாமி 1977இல் நிறுவிய கூத்துப்பட்டறையில் கணக்கராகச் சேர்ந்து, நடிகர்களின் பயிற்சியை அருகிருந்து கண்டார். சிறு வேடங்களில் பல ஆண்டுகள் தோன்றி, 2010இல் 'தென்மேற்குப் பருவக்காற்று' படத்தில் நாயகனானார். வளைகுடா நாடுகளுக்குப் பிள்ளைகளை அனுப்பிப் பழகிய நம் குடும்பங்களுக்கு இவ்வரலாறு அயலானதன்று.

எனினும் இவர்களைக் காட்டி, 'பொறுத்திருந்தால் எவரும் வெல்லலாம்' என்று இளைஞர்களை ஊக்குவிப்பது நேர்மையாகாது. வென்றவர் பெயரை நாம் அறிவோம். அதே வாசல்களில் நின்று திரும்பியோர் பெயரை அறியோம். ஆகவே நம் அறிவுரை வெல்பவனுக்கு மட்டுமன்றி, வெல்லாதவனுக்கும் பயன்பட வேண்டும். நாற்பது வயதில் வேடமும் இன்றி, வேலையும் இன்றி ஒருவன் நிற்பானாயின், அவனை ஊக்குவித்த கைத்தட்டலுக்கும் அதில் பங்குண்டு.

நடிப்புத்துறையே வேண்டா என்று கருதும் பெரியோர் நம்மிடையே உளர். அவர்தம் கருத்து மதிக்கத்தக்கது. மார்க்க வரம்புகளை ஆலிம்களிடம் கேட்டறிந்து நடப்பதே முறை. நாம் ஈண்டுக் கூற விழைவது வேறு. அத்துறையில் கால்வைத்துவிட்ட இளைஞன் வரம்பு பேணி நிற்க விரும்பினால், அவனுக்குத் துணைநிற்பது எது? ஹலாலான மாத வருவாயே என்போம். பசித்திருப்பவனால் 'முடியாது' என்று சொல்ல இயலாது. மனச்சான்றுக்கு ஒவ்வாத வேடத்தையும், வாய்ப்புக்காகக் கேட்கப்படும் முன்பணத்தையும், கண்ணியத்தைக் குலைக்கும் கோரிக்கையையும் மறுக்கும் துணிவு, நாளைய சோற்றுக்கு வழி உள்ளவனுக்கே எளிது. கேரள அரசு 2017இல் அமைத்த நீதிபதி ஹேமா குழுவின் அறிக்கை 2024 ஆகஸ்டில் வெளிவந்தது. திரையுலகில் வாய்ப்புத் தேடும் பெண்கள் எத்தகைய கோரிக்கைகளை எதிர்கொள்கின்றனர் என்பதை அது பதிவு செய்துள்ளது. ஆகவே, 'ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால்' என்று வேலையும் நடிப்புமாக வாழ்பவனை எள்ளுவது பொருந்தாது. ஊன்றி நிற்க ஒரு கால் உறுதியாக இருப்பதனாலேயே மற்றொரு காலை அவன் முன்வைக்க முடிகின்றது.

அவ்வாறாயின் செய்ய வேண்டுவன யாவை?

முதலாவது, பணி தருவோர் கடமை. 1964ஆம் ஆண்டின் மத்திய அரசுப் பணியாளர் நடத்தை விதிகள், அலுவலகக் கடமைக்கு ஊறு நேராத வரையில், இலக்கியம், கலை, அறிவியல் சார்ந்த அவ்வப்போதைய பணிகளை முன் அனுமதியின்றி மேற்கொள்ள இடமளிக்கின்றன. அரசு தரும் இவ்விடத்தைத் தனியார் நிறுவனங்கள் ஏன் தரலாகாது? நம் சமுதாயத்தினர் நடத்தும் கடைகளும் ஆலைகளும் நிறுவனங்களும் பல. இரண்டு நாள் முன்னறிவிப்பில் அரைநாள் விடுப்பு, அதற்கு ஈடாக வேறொரு நாளில் உழைப்பு என்னும் ஏற்பாட்டால் எந்த வணிகமும் நலிந்துவிடாது.

இரண்டாவது, இளைஞர் கடமை. முதலாளியின் நேரம் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். உயிரோடிருக்கும் பாட்டியை இறந்ததாகச் சொல்லி விடுப்புப் பெற்றுத் தேர்வுக்குச் செல்பவன், பின்னால் வருகின்ற உண்மையான கலைஞனுக்கும் கதவை அடைக்கின்றான். சொல்லிவிட்டுச் செல்க, சென்ற நேரத்தை ஈடு செய்க. தேர்வுக்குக் கட்டணம் கேட்பவரை விட்டு விலகுக. எத்தனை ஆண்டுகள் முயல்வது என்று ஒரு வரையறை கொள்க. அதனை வீட்டாரிடமும் கூறுக.

மூன்றாவது, கல்லூரியின் கடமை. ஆண்டு விழாவில் நாடகம் போடச் செய்து கைதட்டி அனுப்புவதோடு நம் பணி முடிந்துவிடாது. குரற்பயிற்சி, உச்சரிப்பு, ஒப்பந்தம் படித்தறிதல் ஆகியவற்றையும் கற்பித்தல் வேண்டும். ழகர, லகர, ளகர வேறுபாடு பிழையாது பேசும் மாணவனுக்கு வானொலி, பின்னணிக் குரல், செய்தி வாசிப்பு எனப் பக்கத்தொழில்கள் பல உள. நாடகக் கலைஞராகிய பூர்ணம் விசுவநாதன் அகில இந்திய வானொலியில் தமிழ்ச் செய்தி வாசித்தவர் என்பது இதற்குத் தக்க சான்று. நடிப்புக்கு உதவுவதும் பிழைப்புக்கு உதவுவதும் ஒரே தமிழாக அமைவது தமிழ்த்துறைக்குப் பெருமையன்றோ!

"எப்படிப் பிழைப்பாய்?" என்று கேட்கும் உரிமை பெரியோர்க்கு உண்டு. "இப்படிப் பிழைக்க நாங்கள் துணை நிற்கின்றோம்" என்று சொல்லும் கடமையும் அவ்வுரிமையோடு சேர்ந்ததே. உரிமையைப் பயன்படுத்துவோர் கடமையையும் ஏற்பாராயின், இன்ஷா அல்லாஹ், நம் பிள்ளைகள் கலையையும் இழவார், கண்ணியத்தையும் இழவார்.