வங்கிக் கனவான்களுக்குச் சட்டம் கிடையாதா?

லஞ்சம் கொடுப்பவன் குற்றவாளி என்கிறோம். வாங்குகிறவனும் குற்றவாளி என்கிறோம். ஆனால் இவ்விருவருக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டு, பணம் வந்த வழியும் போன வழியும் தெரியாமல் கணக்கெழுதிக் கொடுக்கும் வங்கிக் கனவான்களைக் குற்றவாளி என்று சொல்ல மாத்திரம் நமக்கு வாய் கூசுகிறது. பெரிய கம்பெனிக்காரர் மந்திரிக்குக் கொடுக்கும் கோடிகளை மடியில் கட்டிக்கொண்டு போவதில்லை. வங்கிக்காரர் தயவில்லாமல் அவ்வளவு பெரிய லஞ்சம் நகரவே முடியாது.

நம் பக்கத்துச் சேதி ஒன்றையே எடுத்துக்கொள்வோம். 2016 நவம்பர் 8-ந் தேதி 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்றார்கள். காட்பாடியிலும் ஆம்பூரிலும் தோல் ஷாப்புத் தொழிலாளியும் பீடி சுற்றும் பெண்ணும் வங்கி வாசலில் வெயிலில் நின்றார்கள். நோட்டு மாற்றியவர் விரலில் மை வைக்க உத்தரவு வந்தது. அடுத்த மாதமே, வருமான வரி அதிகாரிகள் சென்னையிலும் வேலூரிலும் ஒரு மணல் ஒப்பந்தக்காரர் சம்பந்தமாக நடத்திய சோதனையில், புது 2000 ரூபாய் நோட்டுகளாகவே 30 கோடிக்கு மேல் பிடிபட்டது. வேலூரில் ஒரு மோட்டார் காரில் இருந்தது மாத்திரம் சுமார் 24 கோடி!

வங்கி அதிகாரிகளும் உடந்தை என்று சி.பி.ஐ. வழக்குப் பதிந்தது. முடிவு என்ன? அந்நோட்டுகள் எந்த வங்கிக்குப் போனவை என்ற விவரம் கிடைக்காமல், போதிய சாட்சியமில்லை என்று 2020-ல் வழக்கு முடித்து வைக்கப்பட்டது. ஒப்பந்தக்காரர் மேல் குற்றம் ருசுவாகவில்லை. ஆகவே அவரைக் குற்றவாளி என்று சொல்ல நமக்குப் பாத்தியமில்லை. நாம் கேட்பதெல்லாம், அந்த நோட்டுகள் தாமாகவே கால் முளைத்து நடந்து வந்தனவா என்பதுதான். பிள்ளையார் சிலை பால் குடித்தது என்பதை நம்பாத நாம் இதை மாத்திரம் எப்படி நம்புவது? கூலிக்காரன் விரலுக்கு மை இருந்தது. கோடிகளுக்குக் கணக்கு இல்லையாம்!

சட்டம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. 2002-ம் வருஷத்துப் பணமோசடித் தடுப்புச் சட்டம் குற்றப் பணத்தைக் கழுவுகிறவருக்கு 3 முதல் 7 வருஷம் வரை கடுங்காவல் என்கிறது. ஆனால் வங்கி கணக்கு வைக்கத் தவறினால், தவறு ஒன்றுக்கு 10,000 முதல் 1 லட்சம் வரை அபராதம். கோடிக்கு வழிவிட்டவருக்கு ஒரு லட்சம் ஒரு தண்டனையா?

வெளிநாட்டைப் பாருங்கள். மலேசியா சர்க்காரின் 1எம்டிபி நிதிக்கு 650 கோடி டாலர் கடன் திரட்டும் வேலையில், அதிகாரிகளுக்கு லஞ்சம் போன விவகாரத்துக்காக, கோல்ட்மன் சாக்ஸ் என்னும் அமெரிக்க வங்கி 2020-ல் 290 கோடி டாலருக்கு மேல் கட்டியது. கட்டியது பங்குக்காரர்களின் பணம். ஆனால் விஷயம் அதோடு நிற்கவில்லை. அவ்வங்கியின் அதிகாரியாயிருந்த ரோஜர் இங் என்பவருக்கு 2023-ல் 10 வருஷச் சிறை விதிக்கப்பட்டது. அபராதத்தைப் பிறர் பையிலிருந்து கட்டலாம். சிறைக்கு ஆள் மாற்ற முடியாது. மற்ற அதிகாரிகளை நடுங்க வைப்பது இதுதான்.

வங்கிக்காரரைக் கூண்டில் ஏற்றினால் ஜனங்களின் நம்பிக்கை போய்விடும் என்பார்கள். 1906-ல் சென்னையில் அர்பத்நாட் கம்பெனி முறிந்து ஆயிரக்கணக்கானவர் சேமிப்பு போயிற்று. வெள்ளைக்காரன் ஆட்சியிலேயே, 'சர்' பட்டம் பெற்ற வெள்ளைக்காரரான ஜார்ஜ் அர்பத்நாட்டுக்கு 18 மாதம் கடுங்காவல் கிடைத்தது. வங்கித் தொழில் செத்தா போயிற்று? 1907-லேயே இந்தியன் வங்கி பிறந்தது. நம்பிக்கையைக் கெடுப்பது வழக்கல்ல, வழக்கை மூடுவதுதான்.

ஆகவே, பெருந்தொகை நோட்டுக்கட்டு ஒவ்வொன்றும் எந்தக் கிளைக்குப் போயிற்று என்பதற்குக் கணக்கு வேண்டும். கையெழுத்திட்டவர் யாராயிருந்தாலும் பெயர் சொல்லி வழக்குத் தொடர வேண்டும். நகைக் கடனுக்கு ஒரு நாள் தவணை தவறினால் நம் வீட்டுக்கு நோட்டீஸ் வருகிறதே! அந்தக் கண்டிப்பில் பாதியையாவது மேல்மாடியில் காட்டட்டும். 'எல்லாம் தலைவிதி' என்று நாம் சும்மா இருக்கும் வரை அவர்களுக்கு யோகம்தான்.